பதினான்காவது விதி

பதிவு செய்த அன்றைக்கே எழுதிவிட்டோம்:
'கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒன்பது தெருவிலும் குழாயில்
குடிக்கிற தண்ணீர் வந்துவிட்டால்
இந்த நிறுவனம் தன்னைக் கலைத்துக்கொள்ளும்.'
ஆடிட்டர் பேனாவை மூடினார்.
பேர் வைக்கிறப்பவே கருமாதிக்கு நாள் குறிப்பீங்களா?
நாள் இல்ல சார், என்றாள் ரெஜினா,
காரணம் மட்டும்.

அந்த வருஷம் அடிபம்பில் ஏறியதை
தண்ணீர் என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.
வடித்த சோற்றில் டீசல் வாசம்.
குளிப்பாட்டிய பிள்ளைக்கு முதுகெல்லாம் தடிப்பு.
கடைக் கேன் முப்பத்தைந்து, எங்கள் கேன் பன்னிரண்டு.
ஏழு பெண்கள், கடனில் ஒரு சுத்திகரிப்பு மெஷின்,
எபினேசரின் மீன்பாடி வண்டி,
கழுவக் கழுவ அதில் போகாத வஞ்சிர வாடை.
கூட்ஸ் போகிற நேரமெல்லாம்
கேட்டில் நாங்களும் நின்றோம்,
நாற்பது கேனோடு, பதினோரு வருஷம்.

இந்த மாசியில் குழாய் வந்தது.
முதலில் காற்று. அப்புறம் துரு. அப்புறம் அது.
தெருத் தெருவாய் மீட்டரை முக்கி எழுதினோம்.
ஒன்பதாவது தெருவின் கடைசி வீடு மட்டும்
இரண்டு மாதம் எங்களைக் காப்பாற்றியது.
(ஆமாம், அந்த வார்த்தைதான்.
அங்கே கலங்கலாய் வந்த ஒவ்வொரு காலையும்
ஷகிலா முகத்தில் ஒரு வெளிச்சம்,
மகளுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி.
நானும் மீட்டரை இரண்டாம் முறை முக்கியிருக்கிறேன்,
எண் ஏறாதா என்று.)

சித்திரையில் அங்கேயும் தெளிந்தது.

மாதவரத்துக் கம்பெனிக்காரர் வந்தார்.
பேரை மட்டும் குடுங்க, எட்டு லட்சம்,
ஜனங்க உங்க ஸ்டிக்கரை நம்புறாங்க.
டீ ஆறும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு மோகனசுந்தரி கேட்டாள்:
கொழாய்ல நல்லா வர்ற எடத்துல
கேன் விக்கணும்னா
கொழாயப் பத்தி இன்னா சொல்லுவீங்க?
அவர் டீயைக் குடிக்காமல் போனார்.

அப்புறம் வேலை. சாவுக்கு இத்தனை வேலை இருக்குமென்று
விதியில் எழுதவில்லை.
மெஷின், எண்ணூர் குப்பத்துக் குழுவுக்கு.
வண்டி எபினேசருக்கே, மீனுக்கே.
ஷகிலாவுக்கு ஆறு மாதச் சம்பளம்,
மற்றவர்களுக்கு நான்கு; அதில் ஒரு சண்டை,
அது இன்னும் முடியவில்லை.
கேனுக்கு டெபாசிட் நூற்றைம்பது, எழுநூற்று இரண்டு கேன்.
ஒன்றில் கறிவேப்பிலைச் செடி, ஒன்றில் கோழித் தீவனம்,
ஒன்று பாதியாய் வெட்டி சிமெண்ட் குழைக்க.
எல்லாவற்றுக்கும் கொடுத்தோம்.
மூடல் படிவத்தில் காரணம் கேட்ட கட்டம்:
நஷ்டம், தகராறு, மரணம், மற்றவை.
மற்றவையில் எழுதினேன், தண்ணீர் வந்துவிட்டது.

பாக்கி ஒரே கேன். எண் நானூற்றுப் பதினேழு.
நாகபூஷணம், கால்வாய் ஓரம், ஆறாவது தெரு முனை.
அந்த வரிசையை இடித்துப்
பெரும்பாக்கத்துக்கு ஏற்றி இரண்டு வருஷம்.
நூற்றைம்பதோடு பஸ் மாறி மாறிப் போனேன்.
ஐந்தாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
கேன் கதவோரமே இருந்தது,
எங்கள் ஸ்டிக்கர் பாதி உரிந்து.
பணத்தை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்தாள்.
நான் கேனைத் தூக்கினேன்.
இன்னாக்கா, அத்த எடுத்துக்கினு பூட்டா
லாரி வந்தா எதுல புடிப்பேன்?

ஒன்பது தெரு என்று எழுதியிருந்தோம்.
தெருவில் இருந்தவர்கள் என்று எழுதவில்லை.

திரும்பி வரும்போது கேட் மூடியிருந்தது.
பையில் படிவம், கையெழுத்து இன்னும் போடாதது.
கூட்ஸ் முழுசாய்ப் போகிறவரைக்கும்
பேரேட்டை முழங்கையில் தாங்கி
417க்கு நேரே
'திரும்பியது' என்று வரவேண்டிய இடத்தில்
'பயன்பாட்டில்' என்று எழுதினேன்.
ஆடிட்டர் கேட்பார்.